டாக்டர்கிட்ட வயித்து வலின்னு சொல்லாதே, தங்கச்சி

அக்கான்னு கூப்பிட்டுக் கேட்டதால நீன்னே பேசுறேன். கல்யாணமாகி எட்டு மாசம், கணவரோட வேலை விசாவுல இங்கிலாந்துல இருக்கற ரெடிங்குக்கு வந்து நாலு மாசம். உறவின்போது ஆழத்துல குத்துற மாதிரி வலி, முடிஞ்ச பிறகும் ரெண்டு மணி நேரம் சுருண்டு படுக்கறே. பீரியட்ஸ் வலி பள்ளிக்கூட நாள்லேருந்தே இருக்கு. ஜீபி, அதாவது இங்கே முதல்ல பார்க்கற குடும்ப டாக்டர், பாரசிட்டமால் போதும்னுட்டார், மாமியார் போகப் போகச் சரியாயிடும்னாங்க, இது கர்ப்பப்பையோட சம்பந்தப்பட்ட எண்டோமெட்ரியோசிஸ் நோயா இருக்குமான்னு கேட்டிருக்கே. வாடகை வீடு, குளிர் ஜாக்கெட், டிரைவிங் லைசென்ஸ் பத்தியும் கேட்டிருக்கே. அதையெல்லாம் உன் தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. இதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, அதனால இதை மட்டும் எழுதறேன்.

உன் கேள்வியில ஒரே ஒரு வரியிலதான் என் கண்ணு நின்னுச்சு. "டாக்டர்கிட்ட வயித்து வலின்னு சொன்னேன்"னு எழுதியிருக்கே. அதே வார்த்தையைச் சொல்லி நான் ரெண்டு வருஷத்தைத் தொலைச்சேன்.

2007 ஜனவரியில கவென்ட்ரிக்கு வந்தேன். வயசு 26. பட்டுக்கோட்டை வெயில்ல வளர்ந்தவளுக்கு நாலரை மணிக்கே இருட்டற ஊர். ராத்திரி வலி தாங்காம பாத்ரூம்ல உட்கார்ந்து, அழற சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டிருக்கேன். முதல் தடவை ஜீபிகிட்ட போனப்ப போன்ல மொழிபெயர்ப்பாளர் போட்டுத் தர்றோம்னாங்க. இன்னொரு தமிழ் ஆள் காதுல இது விழணுமான்னு வேண்டாம்னுட்டேன். கணவரே பேசினார். "அந்த நேரத்துல உள்ளே வலிக்குதுன்னு சொல்லுங்க"ன்னு நான் மெதுவா சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கிட்டே "ஸ்டமக் பெயின்"னார். அவரைக் குத்தம் சொல்லலை, அவருக்கும் அப்ப 29 வயசுதான். ஆனா அந்த ரெண்டு வார்த்தையால எனக்கு ரெண்டு வருஷம் கேஸ் மாத்திரை கொடுத்தாங்க.

நமக்கு இரைப்பையும் வயிறுதான், குடலும் வயிறுதான், கர்ப்பப்பையும் வயிறுதான். இங்கே ஸ்டமக்னா சாப்பாடு போற இடம். அதனால அடுத்த தடவை உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே "டீப் பெயின் ட்யூரிங் செக்ஸ், அண்ட் வெரி பெயின்ஃபுல் பீரியட்ஸ்"னு இருக்கட்டும். பத்து நிமிஷம்தான் கிடைக்கும். கடைசி நிமிஷத்துக்குன்னு அதை ஒளிச்சு வைக்காதே. வாயில வரலைன்னா தாள்ல எழுதி நீட்டு. லேடி டாக்டர்தான் வேணும்னு ரிசெப்ஷன்ல கேட்கலாம், டபுள் அப்பாயின்ட்மென்ட் கேட்கலாம், மொழிபெயர்ப்பாளர் இலவசம். கணவர் கூட வரட்டும், ஆனா மொழிபெயர்க்க வேண்டாம்.

என் விஷயத்துல கதவு திறந்தது ஒரு நர்ஸால. நான் வந்த அதே மாசம் டிவியில பிக் பிரதர் நிகழ்ச்சியில ஷில்பா ஷெட்டியோட தகராறு பண்ணிப் பேர் கெட்டுப்போன ஜேட் குடி, 2009 மார்ச்சுல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல 27 வயசுல இறந்து போனாங்க. நாடே அதைப் பத்திப் பேசுச்சு, நிறையப் பெண்கள் அந்தப் புற்றுநோய் வராம தடுக்க எடுக்கற ஸ்மியர் டெஸ்டுக்குப் போனாங்க. பயந்துபோய் நானும் போனேன். கருவியை உள்ளே வெச்சதும் துள்ளிட்டேன். அந்த நர்ஸ் உடனே நிறுத்திட்டு, சின்ன அளவு கருவியை எடுத்தாங்க. எடுத்துக்கிட்டே, "செக்ஸ் வெச்சுக்கும்போதும் இப்படித்தான் வலிக்குமா?"ன்னு கேட்டாங்க. உலகத்துல ஒருத்தர் என்கிட்ட அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமான்னு இங்கிலீஷ்ல நானே சொன்னேன். அன்னிலேருந்து நான் யாரையும் எனக்காகப் பேச விடலை.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். இருக்கலாம். ஆனா நான் டாக்டர் இல்லை, எழுத்தை வெச்சுச் சொல்லவும் முடியாது. நுழையற இடத்துலயே எரிச்சலும் இறுக்கமும்னா வறட்சி, பூஞ்சைத் தொற்று, தசை தானாகவே இறுகிக்கிற வெஜைனிஸ்மஸ்னு வேற காரணங்களைப் பார்ப்பாங்க. ஆழத்துல வலி, பிறகும் நீடிக்கிற வலி, அதோட பீரியட்ஸ் சமயத்துல மலம் போகும்போதும் வலின்னா எண்டோமெட்ரியோசிஸைக் கட்டாயம் யோசிக்கணும். கர்ப்பப்பையோட உட்சுவர் மாதிரியான திசு வெளியே சினைப்பையிலயும், கர்ப்பப்பைக்குப் பின்னாடி அதைத் தாங்கற தசைநார்லயும் வளரும். உறவின்போது அழுத்தம் போய் விழறது சரியா அந்த இடத்துலதான். பத்துப் பெண்கள்ல ஒருத்தருக்கு இருக்கற நோய் இது. இதுவும் வெஜைனிஸ்மஸும் சேர்ந்தும் இருக்கலாம். மாசக்கணக்கா வலிச்சா உடம்பு பயந்து இறுகிக்கும், எனக்கு அப்படித்தான் ஆச்சு. அதுக்கு இடுப்புத்தள பிசியோதெரபி இருக்கு, கேட்டு வாங்கு.

ஸ்கேன் நார்மல்னு சொன்னா அத்தோட எழுந்து வந்துடாதே. என்னை அப்படித்தான் ஒருத்தர் அனுப்பிட்டார். இங்கே டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதற நைஸ்ங்கற அமைப்பு 2017ல வெளியிட்ட வழிகாட்டியில, ஸ்கேன் நார்மலா இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லைன்னு தள்ளிடக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. அந்தப் பக்கத்தை போன்ல வெச்சுக்கோ. பிறப்புறுப்பு வழியா பண்ற உள் ஸ்கேன் தாங்க முடியலைன்னா வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு, அடிவயித்து மேல வெச்சும் பார்ப்பாங்க. ரெண்டு மாசம் டைரி எழுது: தேதி, வலி எங்கே, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை. உங்க அம்மாகிட்டயும் கேளு. எங்கம்மா எனக்கு ஆபரேஷன் முடிஞ்ச பிறகுதான் தனக்கும் அப்படி இருந்ததைச் சொன்னாங்க. அம்மா, அக்கா, தங்கச்சிக்கு இருந்தா அதுவும் டாக்டருக்கு முக்கியமான தகவல்.

கருத்தடை மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள்ள வைக்கற மிரேனா காயிலோ முதல்ல தரலாம். அது இருக்கும்போது குழந்தை தங்காது, அதனால குழந்தைக்கு முயற்சி பண்றியா இல்லையான்னு முன்னாடியே சொல்லிடு. இந்த நோய் இருந்தும் இயல்பாவே கருத்தரிக்கறவங்க நிறைய பேர்.

நம்ம ஆட்கள்மேல எனக்கு வருத்தம் உண்டு. "என்எச்எஸ் (இந்த நாட்டு அரசு மருத்துவ சேவை) வேஸ்ட், டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்ப் பாரு"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். ஊர்ல நல்ல டாக்டர் இருக்காங்க, மறுக்கலை. ஆனா மூணு வாரம் லீவுல போய் அவசர அவசரமா பார்த்துட்டு வந்தா, தொடர்ந்து பார்க்கறது யாரு? நாங்க வந்தப்ப இல்லாத ஹெல்த் சர்சார்ஜ், அதாவது விசாவோட சேர்த்துக் கட்டற மருத்துவக் கட்டணம், 2015ல வந்துச்சு, இப்ப பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு. உன் குடும்பம் அதைக் கட்டித்தான் வந்திருக்கு, கூச்சப்படாம கேளு. "ஒரு குழந்தை பெத்துக்கோ, சரியாயிடும்"னு இன்னொரு கூட்டம். என் பையன் 2014ல பிறந்தான். பீரியட்ஸ் திரும்பின மாசமே வலியும் திரும்புச்சு. அப்புறம் பொங்கல் விழாவுல ரகசியம் கேட்டு ஊர் முழுக்கப் பரப்பற அக்காமாரும் உண்டு, அவங்ககிட்ட வாயே திறக்காதே. எண்டோமெட்ரியோசிஸ் யூகேன்னு ஒரு அமைப்பு இருக்கு, ஹெல்ப்லைன் வெச்சிருக்காங்க, அவங்ககிட்ட பேசு. இந்த நாட்டுல நோய் உறுதியாக சராசரியா 8 வருஷம் 10 மாசம் ஆகுதுன்னு 2024ல சொன்னதும் அவங்கதான்.

வலிச்சா நிறுத்துன்னு கணவர்கிட்ட சொல்லு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறது கடமை இல்லை. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டா ஜீபிகிட்ட சீக்கிரம் காட்டு. திடீர்னு கடும் வலியோட காய்ச்சல், இல்லை நாள் தள்ளிப்போயிருந்தா காத்திருக்காதே, என்எச்எஸ் உதவி எண் 111க்கு போன் பண்ணு. மயக்கம் வந்தாலோ எழுந்து நிற்க முடியலைன்னாலோ ஆம்புலன்ஸுக்கு 999.

எனக்கு 2012ல லேப்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியா பண்ற ஆபரேஷன், பண்ணி அந்தத் திசுவை எடுத்தாங்க. காலையில போய் சாயங்காலம் வீடு. ராத்திரி தோள்பட்டை வலிச்சதும் மாரடைப்புன்னு நினைச்சுப் பயந்தேன். வயித்துக்குள்ள நிரப்பின வாயுவால அப்படி வலிக்கும்னு யாரும் எனக்குச் சொல்லலை, அதனால உனக்கு இப்பவே சொல்றேன். பக்கத்து வீட்டு குஜராத்தி ஆன்ட்டிதான் வந்து இஞ்சி டீ போட்டுக் கொடுத்தாங்க. எங்களுக்குள்ள பொதுவா இருந்தது கொஞ்சம் இங்கிலீஷ்தான். கம்பளி உறை போட்ட ஒரு ஹாட் வாட்டர் பாட்டிலை அடிவயித்துல வெச்சுட்டு, நான் தூங்கற வரைக்கும் நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. அந்த உறையை இன்னும் வெச்சிருக்கேன், உள்ளே பாட்டில் மட்டும் மாத்திக்கிட்டே இருக்கேன். நீயும் ஒண்ணு வாங்கிக்கோ. கொதிக்கற தண்ணியை ஊத்தாதே. கழுத்துப் பக்கம் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும், நடுவுல இருக்கற எண் அது தயாரான வருஷம். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆனதை வாங்காதே.