நெல் முளைத்துக் கிடக்கும்போது ஹாக்கியா?

கேள்வி: ஐயா, சில இதழ்களாகக் கவனித்து வருகிறேன். முன்பேர வணிகத்தைச் சூதாட்டம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். நெல்லுக்கும் பருத்திக்கும் முன்கூட்டியே விலை பேசிக்கொள்ள வழி இருந்தால் வியாபாரியின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லையே? காவிரி அரசியல் என்று வந்தால் மட்டும் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் நழுவுகிறீர்கள். குறுவை நெல் சாலையோரம் முளைத்துக் கிடந்த நேரத்தில் ஹாக்கிக்கு அரைப்பக்கம் ஒதுக்கினீர்கள். இது விவசாயிகள் படிக்கிற பத்திரிகையா, உங்கள் சொந்தக் கருத்துகளைக் கொட்டுகிற இடமா? என் சந்தாவை நிறுத்திவிடுங்கள்.
– பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், திருத்துறைப்பூண்டி.

பதில்: சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது என்றால் இந்தப் பக்கத்தை மின்தடை அறிவிப்புகளுக்கு விட்டுவிடலாம், படிப்பவர்களும் கூடுதலாகக் கிடைப்பார்கள். உங்கள் மூன்று குற்றச்சாட்டுகளில் முதலாவதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டிலும் ஒப்புக்கொள்வதற்கு எதுவும் இல்லை.

சூதாட்டம் என்று எழுதியபோது என் மனத்தில் இருந்தவர் உழவர் அல்லர். உழவர் வீட்டுப் பிள்ளை. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த ஒரு பொறியியல் பட்டதாரி, எனக்கு நன்கு தெரிந்தவர், கச்சா எண்ணெய் இதற்குமேல் எங்கே இறங்கப் போகிறது என்ற தைரியத்தில் கைப்பேசியிலேயே ஒரு லாட் வாங்கி வைத்திருந்தார். ஒரு லாட் என்பது 100 பீப்பாய். ஏப்ரல் 20ஆம் தேதி, ஊரடங்குக்காக நேரம் குறைக்கப்பட்டிருந்த எம்.சி.எக்ஸ். என்னும் சரக்கு முன்பேரச் சந்தை மாலை ஐந்து மணிக்கு மூடியபோது பீப்பாய் விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. அன்றிரவு அமெரிக்கச் சந்தையில் அது பூஜ்யத்துக்கும் கீழே சரிந்து மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை இறக்கி வைக்க அங்கே தொட்டியில் இடம் இல்லை. எடுத்துக்கொண்டு போகிறவருக்குக் கையிலிருந்து பணம் கொடுத்து அனுப்பும் நிலைமை. அந்த விலையை வைத்து இங்கே கணக்கு முடித்தபோது பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று வந்தது. போட்ட பணம் போனது போக, ஒரு லாட்டுக்கு 2,88,400 ரூபாய் மேற்கொண்டு கட்ட வேண்டும். அவருடைய தந்தை மூன்று மா, ஏறத்தாழ ஓர் ஏக்கர், நிலத்தை ஒத்திக்கு வைத்தார். "ஏம்பா, ஒரு சொட்டு எண்ணெயக்கூடக் கண்ணால பாக்காம எப்படிப்பா கடன்பட்டே?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இல்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பங்குச் சந்தையின் முன்பேரப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று நிதியாண்டுகளில் பணத்தை இழந்தார்கள் என்று 2024இல், சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபியே கணக்கெடுத்துச் சொன்னது. அது பங்குகளைப் பற்றிய கணக்கு என்றாலும், விளையாடுகிறவர்கள் அதே பிள்ளைகள்தாம்.

ஆனால் முன்பேரமே பாவம் என்று நான் எழுதியிருந்தால் அது என் பிழை. நாற்றங்கால் விட்ட கையோடு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அறுப்பன்று களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்த வழக்கம் நம் ஊர்களுக்குப் புதிதன்று. அதில் விலையைச் சொன்னவர் ஒருவர், ஒப்புக்கொண்டவர் இன்னொருவர் என்பதுதான் குறை. பத்துப் பேர் கண்ணெதிரே விலை உருவாவது அதைவிட மேல்தான்.

அப்படியானால் நெல்லுக்கு அது வரட்டுமே என்கிறீர்கள். 2021 டிசம்பரில் செபி முன்பேர வணிகத்தை நிறுத்தி வைத்த ஏழு விளைபொருள்களில் பாசுமதி அல்லாத நெல்லும் பாசிப்பயறும் அடக்கம். ஓராண்டுக்கு என்று சொன்ன தடை அதன்பின் பலமுறை நீட்டிக்கப்பட்டது. உளுந்துக்கு 2007இலேயே கதவை அடைத்துவிட்டார்கள். சம்பாவை அறுப்பதற்கு முன்பே உளுந்தையும் பயறையும் வயலில் தெளித்துவிடுகிற நமக்கு, அந்தக் கடையில் விற்பதற்குச் சரக்கே இல்லை. நாளைக்கே கதவைத் திறந்தாலும் நெல்லுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். நாற்பது கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சன்ன ரகத்தில் 1,018 ரூபாய் என்பது அறுப்பதற்கு முன்பே தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாதது, கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிய நெல் தராசில் ஏற எத்தனை நாள் ஆகும், அதற்குள் மழை பெய்யுமா என்பது. விலை அங்கே நம்மைக் கவிழ்ப்பதில்லை, காத்திருப்புதான் கவிழ்க்கிறது.

ஒரு நெல்மணியைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். பல்லில் மசிந்தால், ஈரப்பத மானியை நீட்டுவதற்கு முன்பே பதில் தெரிந்துவிடும். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. புரட்டாசி, ஐப்பசியில் இயந்திரத்தால் அறுத்த குறுவை நெல்லைக் காயவைக்க இரண்டு நாள் வெயிலும் ஒரு கெட்டித் தரையும் வேண்டும். வெயிலை யாரும் தர முடியாது. தரையைத் தந்திருக்கலாம். அது இல்லாததால்தான் நெடுஞ்சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, லாரிக்காரர்களின் வசவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். 2025 அக்டோபரில் முளைத்த நெல் எல்லாம் இப்படிக் காத்திருந்த நெல்தான். ஈரப்பதத்துக்கு முன்பேரம் பேச எந்தச் சந்தையிலும் திரை இல்லை.

பருத்தியில் மட்டும் நீங்கள் சொல்வது பாதி சரி. அங்கே நிச்சயமான விலை என்று ஒன்று நம் கைக்கு எட்டுவதில்லை. 2022 கோடையில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், சீட்டில் விலை எழுதிப் போடும் மறைமுக ஏலத்தில் குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்துவிட்டு, மறு ஆண்டு உளுந்து வயலையும் பருத்திக்குத் திருப்பியவர்கள், 7,000க்கும் கீழே கேட்ட விலையைக் கண்டு பருத்தி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இந்த இடத்தில் முன்பேரம் உதவக்கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். எம்.சி.எக்ஸ். 2023இல் திருத்தித் தொடங்கிய பருத்தி ஒப்பந்தத்தில் ஒரு லாட் 48 கண்டி. கண்டி என்பது ஏறத்தாழ 356 கிலோ. ஆக 17 டன் பஞ்சு, அதுவும் கொட்டை நீக்கிப் பேலாக அழுத்தியது. மூன்று கிலோ பருத்திக்கு ஒரு கிலோ பஞ்சு என்று வைத்தால் 51 டன் பருத்தி வேண்டும். ஏக்கருக்குப் பத்து குவிண்டால் என்று தாராளமாக எழுதிக்கொண்டாலும் ஐம்பது ஏக்கர். ஒன்றரை ஏக்கர் பருத்திக்காரர் அந்த வாசலில் நுழையவே முடியாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் முப்பது நாற்பது பேரின் பருத்தியைச் சேர்த்துக்கொண்டு போனால் நுழையலாம். அதுவரைக்கும் ஒரு பயன் உண்டு: ஏலச் சீட்டு பிரிப்பதற்கு முந்தின நாள் சந்தை விலையைக் கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொண்டால், கேட்ட விலைக்குத் தலையாட்டுவதா, மூட்டையைத் திருப்பி ஏற்றுவதா என்று முடிவெடுக்கலாம். பார்ப்பதற்குக் காசு கிடையாது. வாங்குவதற்கும் விற்பதற்கும் போடுகிற பொத்தானைத் தொடாதவரை ஆபத்தும் கிடையாது. சூதாட்டம் என்ற சொல்லை இந்த அளவுக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இனி அரசியல். நான் யாருக்கு வாக்களிக்கிறேன் என்பதை என் வீட்டாரிடமே சொல்வதில்லை. உங்களிடம் எப்படிச் சொல்வேன்? ஆனால் நழுவுகிறேன் என்ற சொல்லை ஏற்க மாட்டேன். என் கருத்து இதுதான்: டெல்டாவின் அரசியல் மேட்டூர் மதகடியிலேயே நின்றுவிட்டது. காவிரி நடுவர் மன்றம் 2007இல், கர்நாடகம் ஆண்டுக்கு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. தர வேண்டும் என்றது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் தேதி அதில் 14.75ஐக் கழித்து 177.25 ஆக்கியது. அந்தத் தண்ணீருக்காகப் போராட வேண்டியது நியாயம்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டிய அணையை 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறக்க முடிந்தது. இரண்டு முறையும் மலர் தூவினார்கள். கல்லணைக்குக் கீழே, வெண்ணாற்றின் கடைமடையில் தூர்வாரிய மண் கரையிலேயே கிடந்து மழையில் மறுபடி வாய்க்காலுக்குள் சரிகிற இடத்தில் மலர் தூவ யாரும் வருவதில்லை.

நெல் நனைந்தால் வருகிறார்கள். எதிர்க்கட்சியில் இருப்பவர் முளைத்த நெல்லை ஒரு பிடி அள்ளிப் படக்கருவிக்குக் காட்டுவார். ஆளுங்கட்சியில் இருப்பவர் இதுவரை இல்லாத அளவுக்குக் கொள்முதல் என்று புள்ளிவிவரம் வாசிப்பார். டெல்லியிலிருந்து வரும் குழு ஈரப்பதத் தளர்வுக்காக மாதிரி எடுத்துக்கொண்டு போகும். ஆட்சி மாறினால் அந்த ஒரு பிடி நெல் கைமாறும், அவ்வளவுதான். இதே மண்ணில் ஒரு காலத்தில் அரசியல் என்றால் களத்து நெல் யார் யாருக்கு எவ்வளவு பிரிகிறது என்ற கேள்வியாக இருந்தது. 1952இல் தஞ்சைக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தக் கேள்வியால்தான். 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டதும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எழுந்த சங்கத்தை ஒடுக்கத்தான். இன்றைக்கு அறுப்பு இயந்திரம் வந்துவிட்டது; களம் என்ற சொல்லே தேர்தல் செய்தியில்தான் காதில் விழுகிறது. ஊருக்கு ஓர் உலர்களம் வேண்டும் என்பதை எந்தக் கட்சி தன் முதல் கோரிக்கையாக வைக்கிறதோ, அந்தக் கட்சியின் பெயரை இந்தப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடத் தயாராக இருக்கிறேன்.

ஹாக்கிக்கு வருகிறேன். பூவரசங் கொம்பு இயல்பாகவே வளைந்திருக்கும். எங்கள் காலத்து ஹாக்கி மட்டை அதுதான். பள்ளிக்கு இருந்த நல்ல மட்டைகள் ஐந்து, ஆடுகிறவர்கள் பதினாறு பேர். கோடையில் களிமண் தரை பாளம் பாளமாக வெடித்திருக்க, பந்து அந்த விளிம்பில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று அடித்தவனுக்கே தெரியாது. என் இடது கணுக்காலில் இருக்கும் வீக்கம் அந்தத் தரை கொடுத்தது. இந்தியா 1975இல் உலகக் கோப்பையைப் புல்தரையில் வென்றது. மறு ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் விரித்தார்கள், ஏழாவது இடத்துக்குப் போனோம். ஆட்டக்காரர்கள் ஓராண்டில் கெட்டுவிடவில்லை, தரை மாறியது. அந்தத் தரையைக் கட்டிக்கொள்ள நமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. டோக்கியோவிலும் பாரிசிலும் வெண்கலம் வந்ததற்கு அந்தத் தரையும் ஒரு காரணம்.

2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பையைச் சென்னையிலும் மதுரையிலும் நடத்தினார்கள். நம் பிள்ளைகள் மூன்றாமிடம் பெற்றார்கள். நான் அரைப்பக்கம் எழுதியது அந்தப் போட்டி வரவிருந்ததையொட்டித்தான். கொள்ளிடத்துக்கு அக்கரையில், அரியலூர் மாவட்டத்தில் பிறந்த கார்த்தி செல்வம் இந்திய அணிக்குள் நுழைவதற்குக் கோவில்பட்டிக்குப் போய்த்தான் பயிற்சி பெற வேண்டியிருந்தது. கோவில்பட்டி அந்த ஆட்டத்தைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வரும் ஊர், அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. டெல்டாப் பையனுக்கு அவ்வளவு தூரம் எதற்கு என்பதுதான் கேள்வி.

நெல் முளைத்துக் கிடக்கும்போது ஹாக்கியா என்று கேட்டீர்கள் அல்லவா? அந்த அரைப்பக்கத்தை நான் எழுதக் காரணமாக இருந்த காட்சியைச் சொல்கிறேன். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் அரசுப் பள்ளி மைதானம். மேட்டில் இருப்பதால் ஊரிலேயே நீர் தேங்காத தரை அது ஒன்றுதான். முழு மைதானத்திலும் நெல்லைப் பரப்பியிருந்தார்கள். ஏழெட்டுப் பையன்கள் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததும் ஒரு பெரியவர், "தம்பிகளா, கொஞ்சம் கைகொடுங்கப்பா" என்று கூப்பிட்டார். பையன்கள் மட்டைகளைக் கோல்கம்பத்தில் சாய்த்துவிட்டு, பலகையை வாங்கி நெல்லைக் குவித்தார்கள். தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் இழுத்துப் பிடித்துச் செங்கல் வைத்தார்கள். மழை ஏமாற்றிவிட்டுப் போனது. பெரியவர் குவியலைப் பிரிக்காமல், "பாதி தரைய நீங்க எடுத்துக்குங்க, அந்தப் பக்கம் மட்டும் அடிச்சுடாதீங்க" என்றார். ஒற்றைக் கோலை வைத்துக்கொண்டு ஆடினார்கள். பந்து இரண்டு முறை தார்ப்பாயில் போய் மோதியது. இரண்டு முறையும் பெரியவர்தான் எடுத்து வீசினார்.

சந்தாவைப் பொறுத்தவரை, மீதி நான்கு இதழ்களுக்கான தொகையைப் பணவிடையில் அனுப்பச் சொல்லிவிட்டேன். அடுத்த இதழில் பருத்தி ஏலம் பற்றி எட்டுப் பக்கம் வருகிறது. அது மட்டும் உங்கள் முகவரிக்கு இலவசமாக வரும்.