வண்டி வாசல்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நாய்க்குட்டி, போர்ட்டிகோவில் நிறுத்தியிருந்த காரின் முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்த வயரைக் கடித்துவிட்டது. ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை. மெக்கானிக் வீட்டுக்கே வந்து ஒட்டுப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். சரியா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ஒட்டு வேண்டாம். அது சக்கர வேக சென்சாரின் வயர். திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்குச் சக்கரத்தின் வேகத்தைச் சொல்வது இந்த சென்சார்தான். ஸ்டீயரிங்கோடும் சஸ்பென்ஷனோடும் ஓயாமல் அசையும் இடம். முறுக்கி டேப் சுற்றினால் வேலூர் வெயிலில் பசை இளகும், முதல் மழையில் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பூக்கும், விளக்கு மறுபடி எரியும். சால்டர் (ஈயப் பற்று) வைத்தாலும் அதன் ஓரத்தில் கம்பி விறைத்து முறியும். வயரோடு சேர்ந்த முழு சென்சாரையே மாற்றச் சொல்லுங்கள். இடது, வலது பார்த்து வாங்குங்கள்.

வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைதான். சரிவில் மட்டும் ஜாக்கி போடக் கூடாது, சமதளம் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். சென்சாரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே போல்ட். அதைக் கழற்றியும் சென்சார் துருவில் சிக்கி வரவில்லையென்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், பிளாஸ்டிக் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். துரு ஸ்ப்ரே அடித்து 15 நிமிடம் விட்டு, மெல்லத் திருகி எடுக்கலாம். பழைய கிளிப்புகள் அத்தனையிலும் புது வயரை மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் பிழைக்குறியை ஸ்கேனரில் அழித்து, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியம், பக்கத்திலேயே போகும், பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸ். அதில் பல் பட்டிருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.