டீச்சரைக் கேளுங்கள்: எட்டுக் குன்றிமணி எடை

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சிந்துவெளி நாகரிகம் பற்றி புராஜெக்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் பத்துப் பக்கம் பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொடு என்கிறாள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். கணவர் நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்களால் அவளுக்கு எப்படி உதவ முடியும், டீச்சர்?
- வாசகி, பரமக்குடி

பதில்: உங்கள் வீட்டில் இருப்பது எத்தனையோ வீடுகளில் இல்லையம்மா. நகைப் பட்டறைத் தராசைச் சொல்கிறேன்.

ஹரப்பா, மொகஞ்சதாரோ இரண்டிலும் செர்ட் என்ற கடினமான கல்லில் செய்த எடைக்கற்கள் நிறையக் கிடைத்தன. பெரும்பாலும் சின்னச் சின்னக் கனசதுரங்கள், வழுவழுப்பாகத் தேய்த்தவை. மேலே எண்ணோ குறியோ கிடையாது. பிறகு எந்தக் கல் எவ்வளவு என்று எப்படித் தெரிந்தது? ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார்கள். சின்னக் கல் சுமார் 0.86 கிராம். அடுத்தது அதில் இரண்டு மடங்கு, அதற்கடுத்தது நான்கு மடங்கு, அப்புறம் எட்டு, பதினாறு. அதிகமாகக் கிடைத்தது அந்தப் பதினாறு மடங்குக் கல், ஏறக்குறைய 13.7 கிராம்.

அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் குன்றிமணியை வைத்துத்தான் தங்கம் நிறுத்தார்கள் என்பது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். எட்டுக் குன்றிமணியைத் தராசில் போடச் சொல்லுங்கள். அந்தச் சின்னக் கல்லின் எடைக்குப் பக்கத்தில் வரும். மணிக்கு மணி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அதையும் அவளே எழுதட்டும். பிறகு பதினாறு, முப்பத்திரண்டு என்று இரட்டித்துக்கொண்டே போய் நூற்று இருபத்தெட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். 13.7 கிராம் என்பது கையில் எவ்வளவு கனக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: குன்றிமணி விஷம். கடிக்கவோ உடைக்கவோ விடாதீர்கள். முடிந்ததும் எண்ணி எடுத்து வைத்துவிட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் "சிந்துவெளி நாகரிகம் பற்றிக் கட்டுரை எழுதுக" என்றுதான் கொடுத்தேன். முப்பத்தெட்டு நோட்டும் ஒரே வரியில் தொடங்கின. அதன்பிறகு ஒரு கேள்வியை வழக்கமாக்கிக்கொண்டேன்: "இது எப்படித் தெரியும்?" நீங்களும் அவள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இதைக் கேளுங்கள். இதைக் கேட்க எட்டாவது தாண்டியிருக்க வேண்டியதில்லை. "அவர்கள் பருத்தித் துணி உடுத்தினார்கள்" என்று எழுதியிருக்கிறாளா? நாலாயிரம் வருடத்துத் துணி மக்கிப் போயிருக்காதா என்று கேளுங்கள். தேடினால் கண்டுபிடிப்பாள்: மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடந்ததால் ஒரு துண்டுத் துணி மக்காமல் தப்பியது. பதில் கிடைக்காத வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். பத்துப் பக்கம் இரண்டு பக்கமானாலும் சரி, அந்த இரண்டும் அவள் எழுதியதாக இருக்கும்.

நேரம் இருந்தால் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் சிந்துவெளி மக்கள் செய்த மணிகளைப் பற்றியும் அவள் அப்பாவிடம் பேசட்டும். நீளமான ஒரு மணியில் துளை போடவே அவர்களுக்கு நாள்கணக்கில் ஆகியிருக்கிறது. அப்படிப்பட்ட மணிகள் இன்றைய ஈராக்கில் உள்ள ஊர் என்ற பழைய நகரத்தின் அரச கல்லறைகள் வரை போயிருக்கின்றன. அத்தனை கடினமான கல்லில் துளையிடுவது என்ன பாடு என்று கைவேலைக்காரர் ஒருவர் சொல்லிக் கேட்டால் பிள்ளை மறக்கவே மாட்டாள்.

கேள்வி: சிந்துவெளி மக்கள் பேசியது தமிழ்தான் என்று என் மகன் புராஜெக்டில் எழுதியிருக்கிறான். அப்படியே விடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அப்படியே விட வேண்டாம் ஐயா. அவர்கள் முத்திரைகளில் பொறித்த எழுத்தை யாரும் இன்னும் ஐயமறப் படித்துவிடவில்லை. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான் இருக்கின்றன. பக்கத்திலேயே தெரிந்த மொழியிலும் எழுதிய கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இவ்வளவு குறைவாக இருந்தால் எப்படிப் படிப்பது? படித்துக் காட்டுபவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தாரே, படிக்கப்படாமல் இருப்பதால்தானே?

ஆனால் அவன் ஆர்வத்தைத் தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள். அது திராவிட மொழியாக இருக்கலாம் என்பது பெரிய அறிஞர்கள் காரணம் காட்டி முன்வைக்கும் கருத்து. ஐராவதம் மகாதேவன் 1977-இல் அந்தக் குறிகளையெல்லாம் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். மீன் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மீன் என்றால் ஆற்று மீனும்தான், விண்மீனும்தான். அதனால் முத்திரையில் உள்ள மீன் வானத்து மீனைக் குறிக்கலாம் என்கிறார்கள். "குறிக்கலாம்" என்ற அந்தச் சொல்லை உங்கள் மகன் எழுதப் பழகட்டும். சென்னைப் பக்கம் வந்தால் ரோஜா முத்தையா நூலகத்தைக் காட்டுங்கள். சிந்துவெளி எழுத்துக்கென்றே அங்கே 2007-இலிருந்து ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.

கேள்வி: நானும் ஆசிரியைதான். பெருங்குளம் பாடம் நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, அரியலூர்

பதில்: மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள் டீச்சர். கோலமாவால் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலத்தில் கட்டம் போடுங்கள். மொகஞ்சதாரோ குளத்தின் அளவு ஏறக்குறைய அதுதான். இரண்டு முனையிலும் படிக்கட்டு வரையச் சொல்லுங்கள். ஆழம் 2.4 மீட்டர், அதற்கு ஒரு மூங்கில் கழியை நட்டுவிடுங்கள். எங்கள் பள்ளியில் இருப்பதிலேயே உயரமான பையன் கையைத் தூக்கியும் கழியின் நுனி எட்டவில்லை. உடனே ஒரு பெண், "இவ்வளவு தண்ணிக்கு எங்க டீச்சர் போனாங்க?" என்று கேட்டாள். பக்கத்து அறையிலேயே பெரிய கிணறு இருந்தது என்றேன். செங்கல் இடுக்கில் தண்ணீர் கசியாதா என்றான் இன்னொருவன். செங்கலுக்குப் பின்னால் தார் போன்ற நிலக்கீல் பூசியிருந்தார்கள் என்று நான் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. ஒருவரும் வகுப்புக்குப் போகவில்லை.