மகன் கிளவுட் படிக்கப் போகிறேன் என்கிறானா?

அன்புள்ள அம்மாவுக்கு,

சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்துவிட்டது. தொடக்கக்கல்லூரி வேண்டாம், பலதுறைத் தொழிற்கல்லூரியில் கிளவுட் தொடர்பான பட்டயப் படிப்புதான் வேண்டும் என்று உங்கள் மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். "மேகத்தைப் படித்து என்ன வேலைக்குப் போவான்?" என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கிளவுட் என்றால் மேகம், ஆனால் அது பெயர் மட்டுமே. பொருள் தரையில்தான் இருக்கிறது. சிங்கப்பூரின் ஜூரோங் பக்கம் போனால் பெரிய பெரிய தரவு மையக் கட்டடங்களைப் பார்க்கலாம். உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள், அவற்றைக் குளிர வைக்க இரவு பகலாக ஓடும் இயந்திரங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணம் வைத்தால் மேசை நாற்காலியை விலைக்கா வாங்குகிறோம்? இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். இணையத்தில் சேலை விற்கும் கடையும் தீபாவளி மாதத்தில் பத்துக் கணினிகளை வாடகைக்கு எடுத்துவிட்டு, பண்டிகை முடிந்ததும் இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். ஓடிய நேரத்துக்குத்தான் காசு. இப்படி இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்கு எடுப்பதைத்தான் கிளவுட் என்கிறார்கள். 2006ல் அமேசான் இப்படி வாடகைக்கு விடத் தொடங்கியது, 2010ல் சிங்கப்பூரிலும் தளம் அமைத்தது. 2018ல் நம் அரசாங்கமே தன் கணினி அமைப்புகளில் பலவற்றைத் தனியார் நிறுவனங்களின் கிளவுடுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது.

எதிர்காலம் எப்படி? தரவு மையங்களுக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். 2020ல் நாட்டின் மொத்த மின்பயன்பாட்டில் சுமார் 7 விழுக்காடு அவற்றுக்கே போனது. இந்த மின்தேவையைக் கருதி 2019 முதலே புதிய மையங்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டு, 2022ல்தான் கட்டுப்பாடுகளோடு மீண்டும் தொடங்கியது. குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வேலை வாங்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே இடமுண்டு. மின்சாரமும் குளிரூட்டலும் படித்த தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களும் இதில் அடக்கம், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பு கோளாறானது. வங்கிச் சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. அன்று கைபேசியை நம்பிக் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தக் கட்டடங்கள் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று.

செயற்கை நுண்ணறிவு வந்து வேலையைப் பிடுங்கிவிடாதா என்கிறீர்கள். அதுவே இந்த மையங்களில்தான் ஓடுகிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் குறையும், அதை மறைக்க மாட்டேன். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது, தரவு கசியாமல் பூட்டுவது, எகிறும் கட்டணத்தைக் குறைப்பது, இவற்றுக்கு ஆள் வேண்டும்.

எனக்குள்ள கவலை வேறு. பட்டயம் மூன்று வருடம், தேசிய சேவை இரண்டு வருடம். மகன் வேலை தேடும்போது ஐந்து வருடம் ஓடியிருக்கும். இன்றைய கருவிகளில் பாதி மாறியிருக்கும். ஆகவே படிப்பின் பெயரில் கிளவுட் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தைத் திறந்து, கணினி வலையமைப்பு, லினக்ஸ் என்னும் இயங்குதளம், தரவுத்தளம், நிரல் எழுதுவது, பாதுகாப்பு ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாகச் சேருங்கள். பெயர் மட்டும் பளபளப்பாக இருந்தால் வேண்டாம். சான்றிதழ் தேர்வுகளுக்கு இப்போதே அவசரப்பட வேண்டியதில்லை, பல சான்றிதழ்கள் சில வருடங்களில் காலாவதியாகிவிடும்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஏதாவது ஒரு கிளவுட் நிறுவனத்தில் இலவசக் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கடன் அட்டை எண் கேட்கும், அதனால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வேலையாக, செலவு ஐந்து வெள்ளியைத் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி எச்சரிக்கை வைக்கட்டும். அப்புறம் சிங்கப்பூர் தளத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு சின்ன வாடகைக் கணினியை இயக்கி, அதில் ஓர் இணையப் பக்கம் ஏற்றிக் காட்டட்டும். முதல் முறை பெரும்பாலும் பக்கம் திறக்காது. அப்போது ஏன் என்று தேடிக்கொண்டு இரவு வரை உட்கார்ந்திருக்கிறானா, அலுத்துப்போய் எழுந்துவிடுகிறானா என்று கவனியுங்கள். அதை எனக்குச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசுவோம். கிளம்பும் முன் அந்தக் கணினியை நிறுத்த மட்டும் மறக்க வேண்டாம்.