மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை; ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?

கீழ்த்தள ஹாலில் வாசல் சன்னலை ஒட்டி ஃபைபர் மோடம் இருக்கிறது என்றும், மாடியின் பின்பக்க அறையில் மகளின் ஆன்லைன் வகுப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்றும், குறைந்த விலையில் ஓர் எக்ஸ்டெண்டர் வாங்கி அந்த அறையிலேயே மாட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்டெண்டர் வாங்கலாம், ஆனால் அந்த அறையில் மாட்டக் கூடாது. எந்த நிறுவனத்தின் கருவி என்பதைவிட அதை எங்கே மாட்டுகிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டின் அமைப்பும் ஏறக்குறைய இதேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காசு செலவழிப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு துண்டிக்கப்படும் அதே நேரத்தில், கைபேசியுடன் மோடத்தின் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயும் வேகம் குறைவாக இருந்தால் கோளாறு இணைப்பில் இருக்கிறது. அதற்கு எக்ஸ்டெண்டர் மருந்தாகாது, சேவை நிறுவனத்திடம் புகார் செய்வதுதான் வழி. கீழே நன்றாக இருந்து மாடியில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

நம் ஊர் வீடுகளில் வைஃபையின் பெரிய எதிரி, கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம். முன்பக்க ஹாலிலிருந்து பின்பக்க மாடி அறைக்குச் செல்லும் அலை, அந்தத் தளத்தையும் இடையிலுள்ள செங்கல் சுவர்களையும் சாய்வாகக் கடக்க வேண்டியிருப்பதால், நேராகக் கடப்பதைவிட அதிகக் கனத்தை ஊடுருவ வேண்டியிருக்கிறது. வழியில் இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருந்தால் சிக்னல் இன்னும் குறையும். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது: 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் நெரிசலை உண்டாக்குகின்றன.

ஆகவே முதல் வைத்தியம் செலவில்லாதது: மோடத்தை இடம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். கேபிள் நுழையும் சன்னலோரத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போவது வேலைக்கு வருபவரின் வசதிக்காகத்தான். வீட்டின் வசதிக்காக அல்ல. சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் ஃபைபர் மிச்சமிருந்தால், படிக்கட்டுக்கு அருகில், ஆளுயரத்துக்கு மேல் மாற்றித் தரும்படி கேளுங்கள். நீங்களே இழுத்து மடிக்க வேண்டாம்; ஃபைபர் கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்து இணைப்பே பலவீனமாகிவிடும். மோடத்துக்கு வெளியே ஆன்டெனாக்கள் இருந்தால் அவற்றில் ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள். ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்போது அலை பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். மேல்தளத்துக்கு அனுப்பப் படுக்கை நிலை உதவும். பல வீடுகளில் இந்த மாற்றங்களே போதுமானவை.

போதவில்லை என்றால் எக்ஸ்டெண்டர். அது இணையத்தை உற்பத்தி செய்வதில்லை; மோடத்திலிருந்து வருவதை வாங்கி, மறுபடி ஒலிபரப்புகிறது. மோடத்துக்கும் மகளின் அறைக்கும் நடுவில் ஓர் ஆளை நிறுத்தி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது போன்றது இது: அவர் காதிலேயே சரியாக விழவில்லை என்றால், எவ்வளவு உரக்கச் சொன்னாலும் பயனில்லை. சிக்னல் செத்துப்போன அறையிலேயே எக்ஸ்டெண்டரை மாட்டுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். கைபேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரியும். ஆனால் அந்தக் கோடுகள் கைபேசிக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள உறவைத்தான் காட்டுகின்றன, எக்ஸ்டெண்டருக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள பலவீனத்தைக் காட்டுவதில்லை. வகுப்பு முன்போலவே துண்டிக்கப்படும்.

கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் சிக்னலை டிபிஎம் அலகில், எதிர்மறை எண்ணாகக் காட்டும். சுழியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும். 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிடும். −50 அளவில் இருந்தால் மிக நன்று, −67 வரை வீடியோ அழைப்புக்குப் போதுமானது, −80ஐத் தாண்டினால் இணைப்பு பெயரளவுக்குத்தான். எங்கள் வீட்டில் மோடத்தின் அருகே −38, படிக்கட்டின் முதல் திருப்பத்தில் −57, படி ஏறி முடியும் இடத்தில் −64, பின்னறைக் கட்டிலருகே −82 என்று காட்டியது. படிக்கட்டுக்கு மேலே தளம் இல்லை என்பதால் அலை அந்தத் திறப்பு வழியாகவே ஏறுகிறது. கதவைத் தாண்டிய உடனேதான் சரிகிறது. திருப்பத்தில், படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் போர்டிலேயே ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. எக்ஸ்டெண்டரை அங்கே மாட்டியதும் கட்டிலருகே −66 வந்தது. அதே திருப்பத்தில் தரையோரமாக இருந்த இன்னொரு பிளக்கில் மாட்டிப் பார்த்தபோது −71தான். உயரத்துக்கு அவ்வளவு வித்தியாசம். உங்கள் வீட்டில் எண்கள் மாறும், ஆனால் தேட வேண்டிய இடம் இதேபோன்றதுதான்: மோடத்தின் சிக்னல் −65க்குக் குறையாமல் இருக்கும், அதே நேரம் அறையை நோக்கித் தடை குறைவாக உள்ள ஓர் இடம்.

கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 300 என்று போட்டிருக்கும் மலிவு எக்ஸ்டெண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குபவை. அந்த 300 மெகாபிட், 40 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல் (அலைவரிசைக்குள் ஒரு பாதை) கிடைத்தால் வரும் உச்சக் கணக்கு. நெரிசலான தெருவில் நியாயமாகப் பயன்படுத்த வேண்டிய 20 மெகாஹெர்ட்ஸில் அது 144தான், நடைமுறையில் கிடைப்பது அதிலும் மிகக் குறைவு. மேலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 1200 என்று குறிக்கப்பட்டவை இரண்டு அலைவரிசைகளிலும் இயங்குபவை. 300உம் 867உம் சேர்ந்த 1167ஐ முழுமையாக்கிச் சொல்லும் எண் அது. இவை மோடத்திடம் ஓர் அலைவரிசையிலும் கைபேசியிடம் இன்னொன்றிலும் பேச முடியும் என்பதால் பாதி இழப்பு பெருமளவு தவிர்க்கப்படுகிறது. வீடியோ வகுப்புக்கு 3 அல்லது 4 மெகாபிட் வேகமே போதும் என்றாலும், தடங்கலின்றி வர வேண்டும். ஆகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இரட்டை அலைவரிசைக் கருவியை வாங்குவதே என் பரிந்துரை.

அமைக்கும்போது மோடத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். ஒன்றன்மீது ஒன்று ஏறாத சேனல்கள் இவைதான். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களுடன் பகிர்ந்துகொள்ளப்படுபவை. சில எக்ஸ்டெண்டர்கள் அவற்றை ஆதரிப்பதில்லை என்பதால், மோடம் தானாக அங்கே தாவினால் எக்ஸ்டெண்டர் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறும். எக்ஸ்டெண்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

வைஃபை பெயர் விஷயத்தில் பலரும் மோடத்தின் பெயரையே எக்ஸ்டெண்டருக்கும் வைக்கச் சொல்வார்கள். வீடெங்கும் நடமாடும் கைபேசிகளுக்கு அது வசதிதான். ஆனால் எந்தக் கருவியுடன் இணைவது என்பதைக் கைபேசியோ மடிக்கணினியோதான் முடிவு செய்கிறது. அது சில நேரம் தொலைவிலுள்ள மோடத்தையே விடாமல் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்டெண்டருக்குத் தனிப் பெயர் வைத்து, ஒரே அறையில் அமர்ந்து படிக்கும் மகளின் மடிக்கணினியை அதை மட்டும் பிடிக்கச் செய்வது நிம்மதி.

இவ்வளவுக்கும் மேலாக, கேபிள் இழுக்க வழி இருக்குமானால் தயங்காமல் அதையே செய்யுங்கள். பழைய கேபிள் டிவி வயரோ டெலிபோன் வயரோ போன பைப் சுவருக்குள் சும்மா கிடந்தால், அதன் வழியாக கேட் 5ஈ எனும் நெட்வொர்க் கேபிள் ஒன்றை எலெக்ட்ரீஷியன் இழுத்துவிடுவார். 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகத்தை அது தாங்கும். அதன் மறுமுனையில் இதே எக்ஸ்டெண்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலையில் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் நிலை) வைத்தால், காற்றில் இரண்டு முறை பயணம் என்ற சிக்கலே இல்லை. அப்போது அதைத் தாராளமாக மகளின் அறையிலேயே மாட்டலாம். எனவே வாங்கும்போது ஆக்சஸ் பாயின்ட் நிலையும், அந்தக் கேபிளைச் செருகும் ஈதர்நெட் துளையும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவுக் கருவிகளில் அந்தத் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். உங்கள் திட்டம் அதற்கு மேல் என்றால் கிகாபிட் துளை உள்ளதைக் கேளுங்கள்.