ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொரு மருத்துவமனை பார்க்க இந்தியாவில் தேசியத் தரநிலை உண்டா? 50 படுக்கை மருத்துவமனை எங்கிருந்து தொடங்குவது?

உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் இ.எச்.ஆர். (மின்னணு மருத்துவப் பதிவு) தரநிலைகளை 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. எந்தக் குறியீடுகளைப் பயன்படுத்துவது என்பதை அது சொன்னது. பதிவு போய்ச் சேரும் பாதையைப் போட்டது, 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்.

எல்லாப் பதிவுகளும் டெல்லியில் ஏதோ ஒரு சர்வரில் குவிவதாக நினைக்க வேண்டாம். பதிவு அது உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளியின் ஆபா கணக்கோடு (இந்த மிஷனில் ஒவ்வொருவருக்கும் உள்ள சுகாதாரக் கணக்கு) 'இன்ன மருத்துவமனையில் இன்ன வருகைக்குப் பதிவு இருக்கிறது' என்ற இணைப்பு மட்டும் சேரும். இன்னொரு மருத்துவமனை கேட்டால் நோயாளி ஒப்புதல் தர வேண்டும். என்ன நோக்கம், எந்த வகை ஆவணம், எந்தத் தேதி முதல் எதுவரை, எப்போது அழிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒப்புதலிலேயே இருக்கும். அதன் பிறகு பதிவு, ஃபயர் ஆர்4 என்ற மருத்துவத் தகவல் பரிமாற்ற வடிவில், மறையாக்கம் செய்யப்பட்டுப் போகும்.

நீங்களே மென்பொருள் எழுத வேண்டியதில்லை. இப்போது வாங்கியிருக்கும் மென்பொருள்காரரிடம் இந்த மிஷனின் மூன்று மைல்கற்களில் எதுவரை முடித்திருக்கிறார் என்று கேளுங்கள். முதலாவது, ஆபா எண் உருவாக்குவதும் சரிபார்ப்பதும். இரண்டாவது, உங்கள் பதிவைப் பிறருக்குத் தருவது. மூன்றாவது, பிறர் பதிவை ஒப்புதலோடு வாங்குவது. முதலாவதை மட்டும் முடித்தவரும் 'இணைந்துவிட்டோம்' என்று சொல்லலாம். அதில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரிகூட வெளியே போகாது. அதனால் பேச்சை நம்பாமல் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

உண்மையான தலைவலி பதிவுக் கவுன்டரில் தொடங்குகிறது. நோயாளியின் பழைய பதிவைத் தேடும்போது கைபேசி எண், பெயர், பாலினம், பிறந்த ஆண்டு ஆகியவற்றை வைத்துத்தான் பொருத்துகிறார்கள். ஆதாரில் 'முருகன் ராமசாமி', உங்கள் ரிஜிஸ்டரில் 'ஆர். முருகன்', வயதோ உத்தேசமாக 45, கைபேசி எண் மகனுடையது. பொருந்தாது. ஒரே ஆளுக்கு மூன்று ஓ.பி. எண்கள் இருந்தால் இன்னும் மோசம்: ஒன்று இணையும், மற்ற இரண்டும் கண்ணில் படாது. இணைப்பு வேலைக்கு முன் இரட்டைப் பதிவுகளைக் களையுங்கள். ஆபா க்யூஆரை ஸ்கேன் செய்து சேர்த்தால் புதிய பதிவுகளாவது சரியாக வரும்.

அடுத்தது லேப். ரிப்போர்ட்டை பி.டி.எஃப். ஆகவே அனுப்பவும் தரநிலை இடம் தருகிறது. பலரும் அந்தச் சுலப வழியைத்தான் பிடிக்கிறார்கள். மருத்துவர் படிக்கலாம், ஆனால் போன மாத கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) அளவோடு கணினியால் ஒப்பிட முடியாது. எண்ணாக அனுப்ப ஒவ்வொரு டெஸ்டுக்கும் லாயிங்க் என்ற சர்வதேச லேப் குறியீடு வேண்டும். வெறும் வயிற்று சர்க்கரைக்கு 1558-6, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்கு 4548-4. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையையும் 1558-6-இல் போட்டுவிட்டால், வாங்கும் மருத்துவமனையின் வரைபடத்தில் நோயாளிக்கு வெறும் வயிற்றிலேயே சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கும். அலகையும் விட்டுவிடக் கூடாது: கிரியாட்டினின் 1.2 மி.கி./டெ.லி. என்பது 106 மைக்ரோமோல்/லி. லாயிங்க் இலவசம், நோய்ப் பெயர்களுக்கான ஸ்நோமெட் சி.டி. குறியீடுகளும் இந்தியாவுக்குள் இலவசம்தான்.

இந்திய நேரத்தை +05:30 என்று குறிக்காமல் 'இசட்' (Z, அதாவது உலகப் பொது நேரம்) போட்டு அனுப்புவது இன்னொரு வழக்கமான பிழை. ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய், இரவு 9 மணி டெஸ்ட் மறுநாள் தேதியில் போய் நிற்கும். மிஷனின் சோதனைத் தளத்தில் இருக்கும்போதே இரவு நேர ரிப்போர்ட் ஒன்றை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.