குண்டு பட்டால் எத்தனை புள்ளி கழிப்பது?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, பகடை உருட்டி ஆடும் ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) ஒன்றை உருவாக்குகிறோம். அமெரிக்காவில் போலீஸும் வங்கிக் கொள்ளையரும் மோதும் கதை. ஆளுக்கு 100 உயிர்ப்புள்ளி. கைத்துப்பாக்கிக் குண்டு பட்டால் 15 கழியும், ரைஃபிள் என்றால் 30. ஆடிப் பார்த்தால் சினிமாச் சண்டை போலவே இருக்கிறது. நிஜமாகத் தோன்ற எண்களை எப்படி மாற்றுவது?

பதில்: எண்களில் கை வைத்துப் பயனில்லை, கணக்கையே மாற்றுங்கள். உயிர்ப்புள்ளி துப்பாக்கிச் சண்டைக்காகப் பிறந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆர்பிஜியை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன் அதைப் போர்க்கப்பல் விளையாட்டு விதிகளிலிருந்து எடுத்துக்கொண்டார். கப்பல் அடி வாங்க வாங்க மெல்ல மூழ்கும். மனித உடம்பு அப்படியில்லை. ஒரே குண்டில் சாய்பவரும் உண்டு, பல குண்டு பட்டும் நின்று சுடுபவரும் உண்டு.

உங்கள் கதைக்கு நெருக்கமான ஒரு சம்பவம் சொல்கிறேன். 1986 ஏப்ரல் 11, மயாமி. இரண்டு கொள்ளையரை எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் காரில் மறித்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்த சண்டையில் ஏறக்குறைய 145 தோட்டாக்கள் சுடப்பட்டன. மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையனுக்குத் தொடக்கத்திலேயே 9 மி.மீ. குண்டு ஒன்று வலது கையைத் துளைத்து மார்புக்குள் இறங்கி, இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைப்பது அரிதான காயம். ஆனால் அவன் விழவில்லை. அதற்குப் பிறகுதான் இரண்டு அதிகாரிகள் அவன் குண்டுக்குப் பலியானார்கள்.

அதே இடத்தில் வேறு சிலருக்கு நடந்ததையும் பாருங்கள். ஓர் அதிகாரி துப்பாக்கியைக் காரில் கைக்கெட்டும்படி எடுத்து வைத்திருந்தார். கார்கள் மோதிய வேகத்தில் அது எங்கோ போய்விட்டது. இன்னொருவருக்குக் கையில் குண்டு பட்டதால் ரிவால்வரில் மறுபடி தோட்டா போட முடியவில்லை. எட்மண்டோ மிரெலெஸுக்கு இடது கை நொறுங்கிப்போனது. ஷாட்கன்னில் ஒவ்வொரு தோட்டாவையும் ஒற்றைக் கையாலேயே பம்ப் செய்து ஏற்றிச் சுட்டு, கடைசியில் ரிவால்வரோடு நடந்து போய்ச் சண்டையை முடித்தவர் அவர்தான்.

ஆகவே குண்டு பட்டதும் 'எத்தனை புள்ளி போச்சு?' என்று கேட்காதீர்கள். 'இனி இவரால் எது முடியாது?' என்று கேளுங்கள். பட்ட இடத்தைப் பகடை சொல்லட்டும். மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் அந்த நொடியே ஆள் சாய்வார். இதயத்தில் பட்டால் அப்படிச் சொல்ல முடியாது. இதயம் நின்றாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு பத்துப் பதினைந்து விநாடி இயங்கலாம். உங்கள் ஒரு சுற்று ஐந்து விநாடி என்றால், செத்துக்கொண்டிருப்பவருக்கும் இரண்டு சுற்று கொடுத்தாக வேண்டும்.

தோள் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து சினிமாவைப் பின்பற்றாதீர்கள். நாயகனுக்குக் குண்டு பட ஆபத்தில்லாத இடம் அது என்று நாம் பார்த்தே பழகிவிட்டோம். பெரிய தமனியும் கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் அந்த வழியாகத்தான் செல்கின்றன. தொடையும் அப்படித்தான். அங்குள்ள தமனி அறுந்தால், இறுக்கிக் கட்ட ஆளில்லாவிட்டால், சில நிமிடத்தில் உயிர் போகும்.

குண்டு பட்டவர் பின்னால் பறப்பார் என்று விதி வைத்திருந்தால் அடித்துவிடுங்கள். எட்டு கிராம் தோட்டா விநாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்தாலும், 70 கிலோ ஆளை விநாடிக்கு நான்கு சென்டிமீட்டர் வேகத்தில்தான் தள்ளும். கார்க் கதவு மறைவிடமே தவிர கவசமல்ல, எஞ்சின் பக்கம் ஒளிந்தால்தான் காப்பு. சைலன்சர் போட்டாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

குறி தவறும் வாய்ப்பைத் தாராளமாகக் கூட்டுங்கள். 1997 பிப்ரவரி 28 அன்று நார்த் ஹாலிவுட்டில் போலீஸும் வங்கிக் கொள்ளையரும் மோதிய 44 நிமிடச் சண்டையில் இரண்டாயிரத்தை ஒட்டிய தோட்டாக்கள் சுடப்பட்டன. பலர் காயமடைந்தாலும், இறந்தது உடல் கவசம் அணிந்து வந்த கொள்ளையர் இருவர் மட்டுமே. தோட்டாவையும் எண்ண வையுங்கள். நிமிடத்துக்கு 600 சுடும் ரைஃபிளில் 30 தோட்டா மேகசின் மூன்று விநாடியில் காலி.

கை அடிபட்ட பாத்திரம் ரிவால்வரில் மறுபடி தோட்டா போட வேண்டியிருந்தால் ஒரு யோசனை. அந்தப் பாத்திரத்தை ஆடுபவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவைத் திறந்து ஆறு பகடைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு மூடட்டும். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம்.